கேம்பர் வேனுக்கு எந்த மாதிரி ஷெட் போடலாம்? மூன்று கொட்டேஷன், மூன்றும் மூன்று திசை

பல்லடத்தான்

வணக்கம். போன வருடம் நானும் வீட்டுக்காரியும் சேர்ந்து பழைய ஃபோர்ஸ் டிராவலர் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், சின்ன அடுப்பு மேடை, கழிப்பறை, மேலே ஏசி, சோலார் என்று எல்லாம் வைத்து கேம்பர் வேனாக மாற்றினோம். மாதத்தில் நான்கு நாள் ஓடினால் பெரிய விஷயம். மீதி நாளெல்லாம் வீட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் காய்கிறது. சித்திரை வெயில் முடிவதற்குள் கூரை ஜன்னலின் ரப்பர் பீடிங் வெடித்துவிட்டது. சோலார் கிளாம்ப்பைச் சுற்றிப் பூசிய சிலிக்கான் பொரிந்துபோய், அடுத்து பெய்த கோடை மழையில் தண்ணீர் உள்ளே இறங்கி மெத்தை முழுக்க நனைந்து நாற ஆரம்பித்தது. தார்ப்பாய் போட்டுப் பார்த்தேன், ஆடிக் காற்றில் அது படபடவென்று அடித்து ஒரு பக்க பெயிண்டையே தேய்த்துவிட்டது. இனி ஷெட்தான் என்று முடிவு செய்தாயிற்று.

இடம் வீட்டின் தெற்குப் பக்கம், 20 அடி அகலம், 50 அடி நீளம். கேட் மேற்கே இருக்கிறது, தெற்கே காம்பவுண்ட் சுவர், அதற்கு அந்தப் பக்கம் அடுத்தவர் தோட்டம். கரிசல் மண். வண்டி 23 அடி நீளம், கண்ணாடியோடு 8 அடி அகலம், ஏசியோடு 10 அடி 2 அங்குல உயரம்.

மூன்று பேரிடம் கேட்டேன். முதல் ஆள் டென்சைல் துணிக் கூரை போடலாம் என்கிறார், ஒரு பக்கம் மட்டும் தூண், மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாவது ஆள் வளைவு ஷீட். மூன்றாவது ஆள் 15 அடி உயரத்துக்கு தகர ஷெட், மூன்று பக்கமும் ஷீட் அடைத்து, கேட் பக்கம் ரோலிங் ஷட்டர் அப்புறம் போட்டுக்கொள்ளலாம், இப்போதைக்குத் திறந்தே இருக்கட்டும் என்கிறார். விலையில் மூன்றாவதுதான் கட்டுப்படியாகிறது, வண்டிக்குப் பாதுகாப்பும் அதுதான் என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கிட்டத்தட்ட அட்வான்ஸ் கொடுக்கிற நிலையில் இருக்கிறேன்.


சும்மாவந்தவன்

இவ்வளவு யோசனை எதற்கு, தென்னை மரத்தடியில் நிறுத்துங்கள், நிழலுக்கு நிழல், இளநீருக்கு இளநீர்.


பல்லடத்தான்

ஏற்கெனவே நிறுத்தியாயிற்று. முன் கண்ணாடி மாற்றிய பில் இருக்கிறது, அனுப்பட்டுமா?


ஆனைமலைக்காரி

அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள் அண்ணா, முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் டிராவல்ஸ் நடத்துகிறோம், வேன் மூன்று நிற்கிறது. மாமனார் 8 வருடத்துக்கு முன்னால் உங்கள் மூன்றாவது கொட்டேஷன் மாதிரியே ஒரு ஷெட் போட்டார். மூன்று பக்கம் அடைப்பு, வாய் மட்டும் மேற்கே, ஏனென்றால் ரோடு மேற்கே. ஷட்டர் அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம் என்று அவரும் விட்டுவிட்டார். எங்களுக்கு ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கும் தெரியும், அதே காற்றுதான் உங்கள் ஊருக்கும் வருகிறது. ஒரு நாள் ராத்திரி 2 மணி இருக்கும், லாரி டயர் வெடித்த மாதிரி ஒரே சத்தம். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் மூன்று சுவரும் நிற்கிறது, வேன்கள் மூன்றும் அப்படியே நிற்கிறது, ஒரு கீறல் இல்லை, மேலே பார்த்தால் நட்சத்திரம் தெரிகிறது. கூரை முழுசாக, ஷீட்டைத் தாங்கும் குறுக்குக் கம்பியான பர்லினோடு சேர்ந்து கிளம்பிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தென்னையில் ஒரு ஷீட் வேட்டி சுற்றின மாதிரி சுற்றிக்கொண்டு கிடந்தது, மீதி போய் விழுந்தது அவர்கள் மாட்டுக் கொட்டகை மேல். நல்லவேளை மாடு அந்தப் பக்கம் கட்டவில்லை. ஷெட்டுக்கு ஆன செலவு போக, கொட்டகைக்கும் நாங்கள்தான் கொடுத்தோம், பேச்சு வார்த்தை நின்று போனது தனிக் கதை.

அப்புறம் வந்து பார்த்த வேறொரு மேஸ்திரி சொன்னது ஒரே வரி: "காத்து உள்ளே வர வாசல் வெச்சிருக்கீங்க, வெளியே போக வழி வெக்கல."

இப்போது இருப்பது இரண்டு முனையும் திறந்த ஷெட். மழை கொஞ்சம் சாரல் அடிக்கும்தான். வண்டி மழையில் நனையவே கூடாது என்றால் ரோட்டில் எப்படி ஓட்டுவது? கொல்வது வெயில்தான், அது நேராக மேலேயிருந்து வருகிறது.


கம்பிக்கணக்கு

ஸ்ட்ரக்சுரல் வேலையில் இருக்கிறேன். மேலே அந்தச் சகோதரி சொன்னதுக்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், புரிவதற்காக மட்டும், இதை வைத்து யாரும் கட்டிவிடாதீர்கள்.

கட்டடத்துக்குக் காற்று எவ்வளவு என்று பார்க்க ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதி இருக்கிறது, 2015இல் திருத்தினார்கள். அதில் அடிப்படைக் காற்று வேகம் கோவைக்கு வினாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. 39 என்றால் மணிக்கு 140 கிலோமீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் வரும். 39க்கு ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 93 கிலோ, 50க்கு 153 கிலோ. வேகம் கால் பங்குக்குச் சற்று மேலே கூடினாலே அழுத்தம் அறுபது சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது, இதைத்தான் ஷெட் போடுகிறவர்கள் பலர் கவனிப்பதில்லை.

உங்கள் வண்டிக்கு 16க்கு 32 அடி கூரை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், ஏறத்தாழ 47.5 சதுர மீட்டர். அந்த அழுத்தம் முழுதும் கூரையை மேலே இழுக்கிறது என்று எடுத்தால் உங்கள் ஊர்க் கணக்கில் 4.4 டன். உங்கள் டிராவலரையே தூக்குகிற அளவு. ஷெட்டின் எடை எவ்வளவு தெரியுமா? ஷீட், பைப் எல்லாம் சேர்த்தாலும் ஒரு டன்னைத் தொட்டால் அதிகம். அதாவது ஷெட் கீழே விழாமல் தாங்குவதற்குத் தூண் போடுகிறோம் என்று நினைக்கிறோம், உண்மையில் அது மேலே போகாமல் பிடித்து வைப்பதுதான் தூணின் பெரிய வேலை.

இப்போது மூன்று பக்கம் அடைத்து, வாயை மட்டும் காற்றுக்கு எதிரே வைத்தால், மேலே இழுக்கும் காற்றோடு உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கூரையைத் தள்ளும். அதே கூரை, அதே காற்று, ஆனால் 4.4 என்பது 6.5 டன் பக்கத்தில் போய்விடும். ரோலிங் ஷட்டர் போட்டு எப்போதும் மூடி வைத்தால் நிலைமை வேறு. "அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்கிற அந்த இடைப்பட்ட காலம்தான் ஆபத்து. ஷட்டர் வலுவில்லாமல் காற்றில் பிய்ந்தாலும் இதே கதிதான்.

பிடித்து வைக்க எவ்வளவு கான்க்ரீட் வேண்டும் என்றால், இரண்டரை அடிக்கு இரண்டரை அடி, மூன்றடி ஆழக் குழி நிறையப் போட்டால் ஒன்றேகால் டன்னுக்குக் கொஞ்சம் மேலே வரும். எட்டுத் தூணுக்கு 10 டன். உங்களுக்குத் தாராளம். நான் பார்க்கிற பல ஷெட்டுகளில் ஒன்றரை அடிக் குழியில் நாலு சட்டி கலவை போட்டு பைப்பை அப்படியே நட்டுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் ஏற்கெனவே இருக்கும் 4 அங்குல சிமெண்ட் தரையில் துளை போட்டு போல்ட் அடிக்கிறார்கள். காற்று வந்தால் தரையோடு பெயர்த்துக்கொண்டு போகும்.

கரிசல் மண் என்றீர்கள். அது நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும், ஆழமில்லாமல் மேலோட்டமாக நிற்கும் குழி அதோடு சேர்ந்து ஆடும். எத்தனை அடியில் சுக்கான், அதாவது அடியில் இருக்கும் கெட்டியான அடுக்கு, வருகிறது என்று ஒரு குழி தோண்டிப் பாருங்கள். அது தெரியாமல் கொட்டேஷன் கொடுத்தவர் எதை வைத்துக் கொடுத்தார் என்பது எனக்குப் புரியவில்லை.

டென்சைல் பற்றி: ஒரு பக்கத் தூண் என்றால் காற்று தூக்கும் சுமையோடு தூணை வளைக்கும் சுமையும் சேர்ந்து அடித்தளத்துக்கு வரும். செய்ய முடியாது என்று இல்லை, முறையாக டிசைன் செய்து, கணக்கு காட்டி, துணிக்கு எழுத்தில் வாரண்டி கொடுப்பவராக இருந்தால் செய்யலாம். அப்படிச் செய்தால் விலை எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.


கடலூர்க்காரன்

பொறியாளர் சார் சொன்ன 153 கிலோவை நான் நேரில் பார்த்தவன். 2011 டிசம்பர் 30 காலை, தானே புயல். எங்கள் தெருவில் கார் ஷெட் என்று ஒன்றும் மிச்சமில்லை. என்னுடையது ஆஸ்பெஸ்டாஸ், ஷீட்டைப் பிடிக்கும் ஜே போல்ட் எல்லாம் அப்படியே பர்லினில் தொங்குகிறது, ஷீட்டைத்தான் காணோம், போல்ட் இருந்த இடத்தில் ஒரு வாய் அளவு ஓட்டை போட்டுக் கழன்று போயிருக்கிறது. அதனால் தூண், குழி மட்டும் பார்த்தால் போதாது, ஷீட்டைப் பிடிக்கிற ஸ்க்ரூவும் அதே சுமையைத்தான் தாங்க வேண்டும். இப்போது போட்டிருப்பதில் நடுவில் சாதாரணமாகவும், ஓரத்து பர்லின் இரண்டில் ஒரு மேடு விடாமலும் ஸ்க்ரூ அடிக்கச் சொன்னேன். கிழிவது எப்போதும் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். ஸ்க்ரூ செலவு எல்லாம் சேர்த்து ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடுகிற காசு, அதில் போய் மிச்சம் பிடிக்கிறார்கள்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் நான் முதலில் செய்வது வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து, வீட்டு கான்க்ரீட் சுவரின் மறைவில் கொண்டுபோய் நிறுத்துவதுதான். வர்தா, நிவர், ஃபெஞ்சல் எல்லாவற்றுக்கும் செய்திகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், எங்கள் பக்கம் திரும்புகிறது என்றால் சாவி கையில். வண்டி நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், ஷெட் வண்டி மேல் விழுந்தால் இரண்டும் போச்சு.

ஆஸ்பெஸ்டாஸ் பக்கம் மட்டும் போகாதீர்கள், உடைந்தால் வருகிற தூசி நுரையீரலுக்கு ஆகாது.


டாலஸ்வாசி

இங்கே டெக்சாஸில் எனக்கு ஒரு டிராவல் டிரெய்லர் இருக்கிறது, பிக்கப்புக்குப் பின்னால் கட்டி இழுப்பது. இந்த ஊரில் எங்களுக்குப் பயம் ஆலங்கட்டி மழைதான். வசந்த காலத்தில் எலுமிச்சை அளவுக்கு விழும், கூரை ஜன்னல், ஏசி மூடி எல்லாம் பொத்துவிடும். குடியிருப்புச் சங்கம் வாசலில் நிறுத்த விடாததால் முதல் இரண்டு வருடம் மாத வாடகைக்கு வெளியே நிறுத்தினேன், அப்புறம் ஊருக்கு வெளியே இடம் வாங்கி இரும்பு ஷெட் கிட் இறக்கினேன்.

இந்த ஊரில் கிட் வாங்கப் போனால் முதல் கேள்வியே கூரை எந்த மாதிரி என்பதுதான். மூலை உருண்ட மாதிரி ஒன்று, வீட்டுக் கூரை போல கூர்மையாக ஒன்று, இந்த இரண்டிலும் ஷீட்டின் மடிப்புகள் ஷெட்டின் நீளவாக்கில் படுத்துக்கிடக்கும். மூன்றாவது வகையில் மடிப்பு மேலிருந்து கீழே ஓடும், அதற்கு விலை அதிகம். நான் புத்திசாலித்தனமாக முதல் வகையை வாங்கினேன். ஓக் இலை எல்லாம் அந்த மடிப்பில் மாட்டிக்கொண்டு, மழைத் தண்ணீர் தேங்கி, நாலே வருடத்தில் ஸ்க்ரூவைச் சுற்றித் துரு. நம் ஊர் மேஸ்திரி யாரும் ஷீட்டைப் படுக்கவாட்டில் போட மாட்டார், அதுவரைக்கும் நீங்கள் தப்பித்தீர்கள். ஆனால் வளைவு ஷீட் என்று இரண்டாவது கொட்டேஷன் சொன்னீர்களே, அதில் உச்சி கிட்டத்தட்ட மட்டமாக இருக்கும், அங்கே ஒட்டுப் போட்டிருந்தால் ஒழுகும். ஒரே ஷீட்டாக வளைத்துத் தருவாரா என்று கேளுங்கள்.

நான் பட்ட இன்னொரு பாடு உயரம். ஷீட்டின் உயரம் வேறு, வண்டி நுழையும் உயரம் வேறு. ஷீட்டுக்குக் கீழே பர்லின், அதற்குக் கீழே கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமான ட்ரஸ், அதன் அடிக்கம்பி எங்கே நிற்கிறது என்று அளக்க வேண்டும். அதோடு வாசலில் தரையை உயர்த்திச் சாய்தளம் போட்டீர்கள் என்றால், முன் சக்கரம் ஏறும்போது வண்டியின் கூரை மட்டமாக இருக்காது, முன்பக்கம் தூக்கும். என் ஏசி மூடியின் ஒரு மூலை அப்படித்தான் போனது, டேப் வைத்து அளந்து 5 அங்குலம் இடைவெளி இருக்கிறது என்று தைரியமாகப் பின்னால் விட்டேன்.

அகலமும் தாராளமாக விடுங்கள். 8 அடி வண்டிக்கு 10 அடி போதும் என்று சொல்வார்கள். கதவைத் திறந்து, படி இறக்கி, கையில் சாமானோடு ஏற வேண்டாமா? நீங்கள் ஷெட்டில் வைத்தே பாதி நாள் ஏதாவது நோண்டிக்கொண்டுதான் இருப்பீர்கள், கேம்பர் வைத்திருக்கிற யாரும் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.


திருப்பூர்_ஷெட்

நான் ஃபேப்ரிகேஷன் வேலைதான் செய்கிறேன். எல்லாப் பழியும் எங்கள் தலையில் விழுகிறது, அதனால் சொல்கிறேன். குழி ஆழமாகப் போடலாம் என்று சொன்னால் பாதி பேர் "அவன் சதுர அடிக்கு 40 ரூபாய் கம்மியா சொல்றானே" என்று போய்விடுகிறார்கள். சரி, அது இருக்கட்டும்.

15 அடி உயரம் எதற்கு? உங்கள் வண்டிக்குத் தேவையே இல்லை. உயரம் கூடக் கூட காற்றும் கூடும், சாய்வாக வரும் வெயிலும் சாரலும் உள்ளே வரும். பார்வைக்கு கம்பீரம், அவ்வளவுதான். ட்ரஸ்ஸுக்குக் கீழே 11 அடி சுத்தமாக வந்தால் தாராளம்.

உங்கள் இடத்துக்கு ட்ரஸ்கூட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒரு பக்க வாட்டம் போடுங்கள். தெற்குப் பக்கம் தாழ்வு, வீட்டுப் பக்கம் உயரம். தெற்குப் பக்கம் தாழ்ந்தால் ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் தெற்கே சாய்ந்து வருகிற வெயில் உள்ளே வராது. 16 அடிக்கு 2 அடி வாட்டம், தண்ணீர் நிற்காமல் ஓடும். ஷீட்டை 16 அடி ஒரே நீளமாக வெட்டி வாங்குங்கள், ஒட்டே வராது. காம்பவுண்டுக்கு வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது, அதனால் கூரை ஓரத்தில் தண்ணீரைப் பிடிக்கும் கட்டர் கட்டாயம். ஷெட்டின் தெற்குப் பக்கத்தில் மேல் பாதிக்கு மட்டும் ஷீட் அடையுங்கள், கீழே 4 அடி திறந்தே இருக்கட்டும், கூரைக்கும் அந்த ஷீட்டுக்கும் நடுவிலும் ஒரு சாண் விடுங்கள், சூடு வெளியேறும். மேற்கே மாலை வெயிலுக்கு நிழல் வலையைச் சுருட்டி இறக்குகிற மாதிரி போட்டுக்கொள்ளலாம், காற்று காலத்தில் சுருட்டிக் கட்டிவிட வேண்டும்.

ஷீட் என்றால் கால்வால்யூம் (அலுமினியமும் துத்தநாகமும் பூசிய இரும்பு ஷீட்) கலர் கோட்டிங், 0.5 மில்லிமீட்டர். வெள்ளை அல்லது வெளிர் நிறம் எடுங்கள், எல்லோரும் நீலமும் சிவப்பும் கேட்டு வாங்கி அப்புறம் சூடு என்கிறார்கள். கடையில் ஷீட்டின் ஓரத்தை மைக்ரோமீட்டர் வைத்து அளந்து வாங்குங்கள், 0.5 என்று சொல்லி 0.42 வருவது உண்டு. ஜிஐ பைப்பை வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும், அங்கேதான் முதலில் துரு பிடிக்கும், கசடைத் தட்டிச் சுத்தம் செய்து பிரைமர் அடித்தார்களா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். பைப்பின் திறந்த முனைகளுக்கு மூடி வெல்டு செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் உள்ளே மழைத் தண்ணீர், கூடவே குளவி.

பாலிகார்பனேட் வெளிச்சமாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். வண்டிக்கு வெயில் ஆகாது என்றுதானே ஷெட்டே போடுகிறீர்கள்?


ஆனைமலைக்காரி

எலியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நிற்கிற வண்டிக்கு வெயிலை விடப் பெரிய எதிரி. எங்கள் வேன் ஒன்றில் ஒரே வாரத்தில் ஏசி வயரிங் முழுக்கப் போனது. கேம்பர் வேனில் அரிசி, பருப்பு, பிஸ்கட் ஒரு துண்டுகூட வைக்காதீர்கள். வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் நகர்த்தி நிறுத்துங்கள். நாங்கள் ராத்திரியில் பானெட்டைத் திறந்து வைத்துவிடுவோம், இருட்டும் கதகதப்பும் இல்லையென்றால் எலி கூடு கட்ட வராது. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஒரு தட்டுத் தட்டுங்கள், பூனை தூங்கிக்கொண்டிருக்கும்.


பல்லடத்தான்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மூன்றாவது ஆளுக்கு போன் போட்டு, மூன்று பக்கம் அடைத்தால் காற்று என்ன செய்யும் என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, நாங்க எத்தனை போட்டிருக்கோம்" என்றார். குழி எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். "அது அங்க வந்து பார்த்துக்கலாம்" என்றார். சரி என்று வைத்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். ஷெட்டுக்குள் போனால் வண்டி மேலிருக்கும் சோலாருக்கு வெயில் கிடைக்காதே, உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, என்ன செய்வது? தரைக்கு சிமெண்ட் போடுவதா, பேவர் கல்லா?


கம்பிக்கணக்கு

பேட்டரிக்கு: முழு சார்ஜில் மாதக்கணக்கில் விடாதீர்கள், பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் போதும். லித்தியத்துக்குச் சூடுதான் ஆகாது, திறந்த ஷெட் போடுவதில் அதுவும் ஒரு லாபம், மூடின தகர ஷெட்டுக்குள் மே மாத மத்தியானம் நின்று பாருங்கள். ஷெட் தூணில் ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட், முறையான எர்த்தோடு, மின்கசிவு வந்தால் கட்டாகிற ஆர்சிசிபியோடு போட்டுக்கொள்ளுங்கள். ஷெட் கூரையில் சோலார் பேனல் வைக்கும் ஆசை பின்னால் வரும் என்று எனக்குத் தெரியும், வரும் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், பேனல் எடையை விட அது பிடிக்கும் காற்று பெரிது, பர்லினும் ஸ்க்ரூவும் மாறும்.

தரைக்கு: வண்டி நிற்கும் இடம் முழுக்க கான்க்ரீட் போட்டால் கரிசலில் வெடிக்கும், கரிசலைக் கொஞ்ச ஆழத்துக்கு எடுத்துவிட்டு கிராவல் நிரப்பிக் கெட்டித்து அதன் மேல் பேவர் போடுங்கள், ஆடினாலும் எடுத்துத் திரும்பப் போடலாம். வெறும் மண்ணில் நிறுத்த வேண்டாம், ஈரம் அடியிலிருந்து ஏறி சேஸியைத் தின்னும். மேலே இபி லைன் ஏதாவது போகிறதா?


பல்லடத்தான்

இபி லைன் வீட்டுக்கு வடக்கே, இந்தப் பக்கம் இல்லை.

நேற்று ஒரு ஆள் வைத்துக் குழி தோண்டிப் பார்த்தேன். முதல் மூன்றடி கறுப்பு மண், வெயிலில் அது வெடித்த விரிசல் வழியாகவே தென்னை வேர் இறங்கியிருக்கிறது. மூன்றேகாலில் மண் நிறம் மாறி, நாலடியில் கடப்பாரை போட்டால் டங் என்று சத்தம் வருகிற வெள்ளைச் சுக்கான். எட்டுக் குழியும் அதுவரைக்கும் போகிறது என்று முடிவு. தோண்டிய அண்ணன், "ஷெட்டுக்கா, கிணத்துக்காங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திருப்பூர் நண்பர் சொன்ன ஒரு பக்க வாட்டத்தையே எடுத்துக்கொண்டேன். தெற்கே பதினொன்றரை அடி, வீட்டுப் பக்கம் பதின்மூன்றரை, கிழக்கும் மேற்கும் திறப்பு. வெள்ளை ஷீட். கட்டர் தண்ணீரை வீட்டுத் தொட்டிக்கு விடலாம் என்று என் மகள் கணக்கு போட்டாள், ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 470 லிட்டருக்கு மேல் வருகிறது, அதைக் கேட்டதும் அதுவரை ஷெட்டே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டுக்காரி சம்மதித்துவிட்டாள். இங்கேயே ஒரு பொறியாளரை வைத்து வரைபடம் வாங்கியாயிற்று, அவர் தூணுக்கும் அதன் அடியில் வரும் பேஸ் பிளேட்டுக்கும் அளவு எழுதிக் கொடுத்திருக்கிறார். செலவு மூன்றாவது கொட்டேஷனை விட கால் பங்கு கூடுதல். அதில் பாதி மண்ணுக்குள் போகிறது, யாருக்கும் காட்டக்கூட முடியாது.


சும்மாவந்தவன்

மயிலுக்கு என்ன ஏற்பாடு? எங்கள் ஊரில் விடியற்காலை 5 மணிக்குத் தகரத்தில் இறங்கி நடந்தால் ஆள் நடக்கிற மாதிரி இருக்கும்.


பல்லடத்தான்

அது இப்போதே காம்பவுண்டு மேல் நின்று அளவெடுத்துக்கொண்டிருக்கிறது.


கம்பிக்கணக்கு

கான்க்ரீட் ஊற்றுவதற்கு முன்னால் குழிக்குள் கம்பியும் போல்ட்டும் நிற்கிற போட்டோவை இங்கே போடுங்கள், டேப் தெரிகிற மாதிரி எடுங்கள். ஊற்றின பிறகு போட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.